திறந்த வீடு, மூடிய வீடு

மார்ச் 2

இன்று குடி வந்தோம். ஆய்வுக் குழுவினர் இந்தக் குறிப்பேட்டைக் கேட்டாலும் கேட்கலாம் என்பதால் முதலிலிருந்தே எழுதி வைக்கிறேன்.

கல்லூரியின் மேற்கு மூலையில், விளையாட்டு மைதானத்துக்கு அப்பால், முப்பது அடி இடைவெளியில் இரண்டு சின்ன வீடுகள். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே திசை. கட்டிய விதம்தான் வேறு. நான் இருப்பது திறந்த வீடு. மண்ணை அழுத்திச் செய்த கற்களால் ஒன்றரை அடிச் சுவர், எதிரெதிர் ஜன்னல்கள், சூடான காற்று வெளியேறக் கூரைக்குக் கீழே திறப்புகள். நடுவில் சிறிய முற்றம், அதில் ஒரு நீர்த்தொட்டி. உள்ளே நுழையும் காற்று அந்தத் தண்ணீரின் மேல் தவழ்ந்து குளிர்ந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு. சூரியத் தகடுகள் இரண்டே இரண்டு, விளக்குக்கும் மின்விசிறிக்கும்.

இன்னொன்று மூடிய வீடு. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் வெப்பத்தடுப்புப் பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், காற்றுப் புகாத கதவு. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள், ஒரு பேட்டரி, ஒரு சின்ன ஏசி. அதில் என் மனைவி வடிவு இருக்கிறாள். இதே கல்லூரியில் மின்னியல் துறையில் பேராசிரியை. அந்த வீட்டின் மின்சார அமைப்பு முழுவதும் அவள் போட்டது. இந்த வீடு நான் வரைந்தது.

திருநெல்வேலியின் ஒரு முழுக் கோடையை இரண்டிலும் ஆள் குடியிருந்து அளக்க வேண்டும். குறைந்த மின்சாரத்தில் எந்த வீட்டில் மனிதர் நிம்மதியாக இருக்க முடிகிறது என்பதுதான் கேள்வி. மாணவர்களைத் தங்க வைப்பதாக இருந்தது. நாங்களே இருக்கிறோம் என்று நான்தான் குழுவில் சொன்னேன். வடிவு மறுக்கவில்லை.

எங்கள் மகள் நிரஞ்சனா போய் நான்கு மாதம் ஆகிறது. காய்ச்சல். ஒன்பது வயது. வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

மார்ச் 3

மாலை மூன்று மணி. வெளியே 36.2. திறந்த வீடு 31.8. மூடிய வீடு 26.4.

மார்ச் 9

கல்லூரி எலக்ட்ரீஷியன் பேச்சிமுத்து காலையில் வந்தார். ஐம்பது வயதுக்காரர், இரண்டு வீட்டு மீட்டர்களும் அவர் பொறுப்பு.

"தொட்டிக்கு மோட்டார் வந்துட்டுல்லா சார். இன்னைக்கு மாட்டித் தண்ணிய விட்டுருவமா?"

"தொட்டியில ஒரு விரிசல் மாதிரி தெரியுது. பூசிட்டு விடுவோம்."

அவர் குனிந்து உட்கார்ந்து தொட்டியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். எழுந்து மீட்டரைக் குறித்துக்கொண்டு போனார். மோட்டாரைப் பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

துவைத்தேன். ரசம் வைத்தேன், புளி அதிகம்.

மார்ச் 16

இரண்டு வீட்டு மின்சாரமும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பதிவாகிறது. காலையில் அந்தக் கோட்டுப்படத்தைப் பார்ப்பது என் வேலை. திறந்த வீடு நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்று மேல். மூடிய வீடு ஏழு.

மூடிய வீட்டில் விளங்காத ஒரு ஏற்றம் இருக்கிறது. எல்லா இரவும் இரண்டு மணி வாக்கில் ஒன்பது வாட். அது படுக்கையறை விளக்கு. ஒரு நாள் நாற்பது நிமிடம், ஒரு நாள் ஒன்றரை மணி நேரம். நேற்று விடியும் வரை.

'குடியிருப்பவரின் பழக்கம்' என்று குறித்திருக்கிறேன்.

மார்ச் 24

வடிவு காப்பி கொண்டு வந்தாள். காலையில் ஒருவர் மற்றவருக்குக் காப்பி கொண்டு போவது எப்படியோ வழக்கமாகிவிட்டது. வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போவோம். இன்று உள்ளே வந்தாள். முற்றத்தைப் பார்த்தாள்.

"தொட்டி காஞ்சு கெடக்கு."

"விரிசல் இருக்கு."

"மூணு வாரமாவா?" அவள் குரலில் கோபம் இல்லை. "தண்ணி இருந்தா ரெண்டு டிகிரி குறையும்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க. அது இல்லாம என் வீட்டோட ஒப்பிட்டா உங்க வீடு தோத்துரும்."

"தோத்தா தோக்கட்டும்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள். முன்பெல்லாம் இதே விஷயத்தில் எத்தனை சண்டை. வீடு என்றால் காற்று நடமாட வேண்டும் என்பேன். காற்றோடு தூசியும் வெக்கையும் நடமாடும், அடைத்துவிட்டுச் சூரியனையே வேலை வாங்க வேண்டும் என்பாள். நடுவில் உட்கார்ந்து நிரு இரண்டு பேருக்கும் மதிப்பெண் போடுவாள்.

ஏப்ரல் 6

ஞாயிறு. ஊரில் புதிதாக வீடு கட்டப்போகும் ஒரு தம்பதி இரண்டு வீடுகளையும் பார்க்க அனுமதி வாங்கி வந்திருந்தார்கள். கூட ஒரு பெண் குழந்தை, நான்கு வயது இருக்கலாம். வடிவும் வந்து நின்றாள். நான் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். வெளியே 38 டிகிரி, சுவர் குளிர்ந்திருந்தது. அந்த அம்மாவுக்குப் பிடித்துவிட்டது.

"இந்த மாதிரி ஜன்னல், முற்றம்லாம் இருந்தா கொசு வராதா சார்?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வலை போட்டா வராது," என்று வடிவு சொன்னாள். "முற்றத்துக்கு மேலயும் சேத்துப் போட்டுருங்க. காத்து கொஞ்சம் குறையும். குறைஞ்சாப் பரவாயில்ல. பிள்ளை இருக்குல்லா."

அந்தக் குழந்தை காய்ந்த தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. நான் மீட்டர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்போது பார்க்க வேண்டிய மீட்டர் எதுவும் இல்லை.

ஏப்ரல் 7

எழுதிவிடுவது நல்லது. இந்தப் பக்கத்தைக் குழுவிடம் கொடுக்கும் முன் கிழித்துவிடலாம்.

எங்கள் வீட்டையும் நான்தான் கட்டினேன். அங்கேயும் முற்றம் உண்டு, இதைவிடப் பெரிய தொட்டி உண்டு. பத்திரிகைகளில் படம் வந்தது, வெளியூரிலிருந்து மாணவர்கள் வந்து பார்த்தார்கள். ஜன்னல்களுக்கும் முற்றத்துக்கும் வலை அடிக்க வேண்டும் என்று வடிவு மூன்று முறை கேட்டாள். வலை போட்டால் காற்று பாதியாகக் குறையும் என்று மூன்று முறையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். தொட்டியில் கப்பி மீன் விட்டிருந்தேன், கொசுப்புழுவை அது தின்றுவிடும் என்று. மீனுக்குத் தீனி போடுவது நிருவின் வேலை.

அக்டோபர் கடைசியில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆறாம் நாள் போய்விட்டாள்.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து நான் தொட்டியைக் கடப்பாரையால் உடைத்தேன். தண்ணீர் வடிந்த பிறகும் மீன்கள் கொஞ்ச நேரம் துள்ளிக்கொண்டிருந்தன.

வடிவு அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. இன்று வரை அவள் என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 15

மூடிய வீட்டுப் பதிவில் பெரிய மாற்றம். நான்கு நாட்களாக ஏசி ஓடவே இல்லை. நேற்று மாலை உள்ளே 34.7. அடைத்த வீட்டில் ஏசியும் இல்லையென்றால் சூடு வெளியேற வழியில்லை. திறந்த வீட்டைவிட இரண்டு டிகிரி அதிகம்.

பேச்சிமுத்துவை அனுப்பினேன். திரும்பி வந்து சொன்னார்:

"மிஷின் நல்லா இருக்கு சார். மேடம்தான் ஏசி மெயின மட்டும் அணைச்சு வச்சிருக்காங்க. போடட்டான்னு கேட்டேன். இருக்கட்டும் பேச்சிமுத்து, வேண்டாம்னுட்டாங்க. உள்ள நிக்க முடியல சார், வேத்து ஊத்துது. நீங்க ஒரு எட்டுப் போய்க் கேளுங்களேன்."

போகவில்லை. அளவுகளில் தலையிடக்கூடாது என்பது விதி.

ஏப்ரல் 22

வெளியே 39.6. திறந்த வீடு 34.1. மூடிய வீடு 36.0. ஒன்பது வாட், மூன்று மணி நேரம்.

மே 4

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதியம் சாப்பாட்டுக்கு வடிவு கேன்டீனுக்கு வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். திறக்க நேரமாயிற்று. திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல வெக்கை முகத்தில் அடித்தது. சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரையில் உட்கார வைத்து மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். பிறகு மெயினைப் போட்டு ஏசியை ஓட விட்டேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"அத நிப்பாட்டுங்க."

"என்ன வடிவு இது. மயங்கி விழுந்தா யாரு பாப்பாங்க?"

"நிப்பாட்டுங்கன்னு சொல்லுதேம்லா."

அந்தச் சத்தத்தை அவளிடம் நான் கேட்டதில்லை. நிறுத்தினேன். கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு வந்தேன். பதிவில் 'மதியம் 1.40 முதல் ஜன்னல்கள் திறப்பு' என்று எழுதினேன்.

அவள் என்னைப் போல ஏன் இருக்கிறாள் என்று புரியவில்லை. குற்றம் என்னுடையது. வலை வேண்டும் என்று கேட்டவள் அவள்.

மே 12

ஆய்வுக் குழுவிலிருந்து கடிதம். பத்து வாரப் பதிவுகளைப் பார்த்திருக்கிறார்கள். திறந்த வீட்டில் தொட்டி ஒரு நாளும் நிரப்பப்படவில்லை. மூடிய வீட்டில் ஒரு மாதமாகக் குளிரூட்டல் இல்லை. இரண்டு வீடுகளும் வடிவமைத்தபடி இயங்காத நிலையில் இந்த அளவுகளால் பயன் இல்லை. வீடுகளில் பழுதா, குடியிருப்பவர்களுக்குச் சிரமமா, ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும்.

கடிதம் இருவர் பெயருக்கும் வந்திருக்கிறது.

மே 13

மாலை வகுப்பு முடிந்து வடிவு நேராக இங்கே வந்தாள். கையில் கடிதம். காய்ந்த தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் எதிரே கீழே உட்கார்ந்தேன்.

"என்ன எழுதப் போறீங்க?"

"உண்மையத்தான் எழுதணும். தொட்டியில தண்ணி விட என் கை வரலன்னு எழுதுதேன். என் பிள்ளைய ஒரு தொட்டிதான் கொன்னுச்சுன்னு எழுதுதேன்."

சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் முதல் முறையாகச் சத்தமாகச் சொன்னேன். அவள் நெடுநேரம் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"தொட்டில இல்லங்க."

"எது?"

"புழு. நிரு போன நாலாம் நாள் சுகாதாரத் துறையிலருந்து ஒரு அம்மா வந்து வீட்டப் பாத்தாங்க. நீங்க உள்ள படுத்திருந்தீங்க, எந்திரிக்கவே இல்ல. நான்தான் கூடப் போனேன். தொட்டில கரண்டி விட்டு விட்டு எடுத்துப் பாத்தாங்க. ஒண்ணுமே இல்ல. மீன் இருந்துச்சுல்லா."

நான் அவள் உட்கார்ந்திருந்த தொட்டியைப் பார்த்தேன்.

"நிரு ரூம்ல நான் ஏசி மாட்டினேன்லா. நீங்க வேண்டாம்னு ரெண்டு நாள் பேசாம இருந்தீங்களே. அதுலருந்து சொட்டுற தண்ணி வீணாப் போகக்கூடாதுன்னு பின்னால குழாய்க்கு அடியில ஒரு வாளி வச்சேன். கறிவேப்பிலைக்கு ஊத்துறதுக்கு. மழை ஆரம்பிச்சப்புறம் ஏசி போடல. வாளிய நான் மறந்துட்டேன்." அவள் நிறுத்தினாள். "அதுல நெளிஞ்சுச்சு. நானும் பாத்தேன். அந்தம்மா என்னை ஒண்ணும் சொல்லல. வாளியக் கவுத்திட்டு, நோட்டுல எழுதிட்டுப் போயிட்டாங்க."

வெளியே பேச்சிமுத்துவின் சைக்கிள் வந்து நின்றது. எங்களைப் பார்த்துவிட்டு மீட்டர் படிக்காமலே திரும்பிப் போனார்.

"நீங்க தொட்டிய உடைச்சீங்கள்லா, அன்னைக்கு நான் ஜன்னல்ல நின்னேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பீங்க. சொல்லல. உங்க தொட்டின்னே இருக்கட்டும்னு நின்னேன். இத்தன நாளும் அப்படியே விட்டுட்டேன்."

மே 14

இரண்டு வீடுகளிலும் அளவு எடுக்கவில்லை.

மே 16

அவள் சொன்ன அந்த நொடியில் எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, கோபமும் அல்ல. நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல இருந்தது. மூச்சு நன்றாக வந்தது. பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். என்னிடமிருந்து இறங்கியது அங்கே இருந்தது. இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறது. அந்த ஒரு மூச்சுக்காக மூன்று நாளாக வெட்கப்படுகிறேன்.

இன்று காலை நான் காப்பி கொண்டு போனேன். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். அந்தக் கொசு கடிப்பது பெரும்பாலும் பகலில். நிரு பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அதே வாரம் அவள் வகுப்பில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பக்கத்து மனையில் பழைய டயர்கள் கிடந்தன. எந்தக் கொசு, எங்கே பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"தெரியும்," என்றாள். "நானும் இதெல்லாம் எனக்குச் சொல்லிப் பாத்துட்டேன்."

"பிறகு?"

"பிறகு ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துரும்."

"தெரியும். மீட்டர்ல வருது."

என்னைப் பார்த்தாள். ஒன்பது வாட் விளக்கைத் தினமும் காலையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. "பாத்துட்டுப் பேசாம இருந்தீங்களா," என்று மட்டும் கேட்டாள். உட்கார்ந்து காப்பியைக் குடித்தோம்.

மே 18

குழுவுக்கு விளக்கம் எழுதினோம். 'குடியிருப்பவர்களின் குடும்பத்தில் நேர்ந்த இழப்பின் காரணமாக' என்று வடிவு ஆரம்பித்தாள். அதற்கு மேல் விவரம் சேர்க்கவில்லை. மீதமுள்ள நாட்களில் வடிவமைத்தபடி இயக்குவதாக உறுதி கொடுத்தோம்.

மே 20

பேச்சிமுத்து மோட்டாரை மாட்டினார். முற்றத்துக்கு மேலும் எல்லா ஜன்னல்களுக்கும் வலை அடித்தோம். தொட்டியில் தண்ணீர் ஏறும்போது வடிவு பக்கத்தில் நின்றாள். பிறகு நான் அவளோடு போனேன். மெயினை அவளே போட்டாள். ஏசித் தண்ணீர் போகும் குழாயை நேராகச் சாக்கடையில் இணைக்கச் சொல்லி, அதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

மே 29

வெளியே 40.3. திறந்த வீடு 32.6. மூடிய வீடு 26.1.

ஜூன் 8

மேற்கே மலைப்பக்கத்திலிருந்து காற்று எழும்பிவிட்டது. மூன்று நாட்களாக இருவரும் சேர்ந்து அறிக்கை எழுதுகிறோம். சுருக்கம் இது.

திறந்த வீடு ஏறக்குறைய மின்சாரமே இல்லாமல் வெளியைவிட ஏழு டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்கிறது. பழுதாவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் மே மாத மதியத்தில் நோயாளிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது போதாது. வலை அடித்ததும் காற்று 38 சதவீதம் குறைந்தது. அறை வெப்பமோ அரை டிகிரிதான் ஏறியது. பாதிக் காற்று போய்விடும் என்று நான் வீட்டில் மூன்று முறை காட்டிய கணக்கு பெரிதாகத் தவறில்லை. காற்று போனால் குளிர்ச்சியும் அதே அளவு போய்விடும் என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. இந்த வாக்கியத்தை நானே தட்டச்சு செய்தேன்.

மூடிய வீடு எந்த வெயிலுக்கும் அசையாது. சூரியனே அதன் மின்சாரத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு கருவி நின்றால் திறந்த வீட்டைவிட மோசமாகிவிடும். இரவில் அடைத்தே கிடப்பதால் விடியும்போது உள்ளே காற்று கெட்டு, தலை வலிக்கிறது. கட்டும்போதே மற்றதைவிட இரண்டு மடங்கு ஆற்றலைச் செலவழித்துவிடுகிறோம்.

எங்கள் பரிந்துரை: வீடு முழுவதும் தடித்த சுவரும் வலை போட்ட திறப்புகளுமாக இருக்கட்டும். ஒரே ஓர் அறையை மட்டும் நன்றாக அடைத்து, அதற்கு மட்டும் சூரிய மின்சாரத்தில் ஏசி வைக்கலாம்.

"இத நாம அப்பவே கட்டியிருக்கலாம்," என்றாள் வடிவு.

ஜூன் 12

கடைசி நாள். மூடிய வீட்டில் கருவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். சாமான்கள் போய்விட்டதால் பேச்சு எதிரொலித்தது. வடிவு கையிலிருந்த வயரைச் சுற்றியபடியே கேட்டாள்.

"அவ கடைசியா என்ன பேசினா? நான் பிளேட்லெட் வாங்க ஓடிட்டேன். நீங்கதான் உள்ள இருந்தீங்க. நான் கேட்டதே இல்லல்லா."

கேட்கவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன். அவள் கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் தனித்தனி வீட்டில் இருக்கலாம் என்று நான் சொன்னேனோ என்னவோ.

"கண்ணு முழிச்சா. அம்மா எங்கன்னு கேட்டா. ரத்தம் வாங்கப் போயிருக்கா, இப்ப வந்துருவான்னேன்."

"ம்."

"அப்ப நான் கொஞ்சம் தூங்குதேன், அம்மா வந்ததும் எழுப்புங்கன்னா."

வடிவின் கை நின்றது.

"நான் வந்தேனே."

"வந்த."

"வந்து, முழிச்சாளான்னு கேட்டேன். நீங்க..."

"தூங்குதா, எழுப்பாதேன்னு சொன்னேன். நல்லாத் தூங்கட்டும்னு நெனச்சேன் வடிவு. பக்கத்துல நீ ஒரு மணி நேரம் உக்காந்திருந்த. எழுப்பியிருந்தா உன்னப் பாத்திருப்பா. பிறகு அவ முழிக்கவே இல்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். காற்றுப் புகாத வீடு. எங்கள் அழுகை வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. நிரு போனதிலிருந்து இருவரும் ஒரே அறையில் அழுதது இன்றுதான். கதவைத் திறந்து வெளியே வந்தபோது மைதானத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். பேச்சிமுத்து எங்கள் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

ஜூன் 15

வீட்டைத் திறந்து மூன்று நாள் ஆகிறது. மூன்று மாதத் தூசி. இன்று முற்றத்தைக் கழுவினோம். உடைந்த சிமெண்டுத் துண்டுகளை மூட்டையாகக் கட்டி வெளியே வைத்தேன். மதியம் கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். வடிவு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

சாப்பிட்ட பிறகு நிருவின் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். மெத்தை விரிப்பைச் சரி செய்து, அதில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் கண்ண மூடுதேன். நாலு மணிக்கு எழுப்பி விடுங்க."

சரி என்றேன். கூடத்தில் கடிகாரம் தெரிகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வேறு எதுவும் செய்யவில்லை.

நான்கு மணிக்குப் போய்த் தோளைத் தொட்டு எழுப்பினேன். எழுந்துகொண்டாள்.